எண்ணெ குடிச்ச சாணைக்கல்லு

ஒரே ஒரு ஊர்ல சடச்சின்னு ஒரு மருத்துவச்சி இருந்தாளாம். அவ புருசன் ஊருக்குச் சவரம் பண்றவன். அவன் தீட்டிக் குடுக்குற கத்தியிலதான் இவ தொப்புள்கொடி அறுப்பா. ஆத்தங்கரையில ஊருக்கெல்லாம் பொதுவா ஒரு பச்சைக்கல்லு கெடந்துச்சு, அவன் அதுலதான் தீட்டுவான். யாரும் செஞ்சதில்ல, மண்ணுக்குள்ளேயே வெளஞ்ச கல்லு. தண்ணி தெளிச்சாக் குடிச்சுக்கும், கத்திய வச்சு இழுத்தா பாலு மாதிரி கசியும், அந்தப் பால்ல தீட்டுன கத்தி ஒரே இழுப்புல அறுக்கும்.

அந்த நாட்டு ராசா ஒரு நாளு சடச்சி புருசன்கிட்டச் சவரம் பண்ணிக்கிட்டான். ஒரு கீறல் இல்ல.

"எதுலடா தீட்டுன?"

"ஆத்தங்கரைக் கல்லுலங்க."

"அப்படியாப்பட்ட கல்லு உங்க கையிலயா கெடக்கறது? அதுல சாமி இருக்குடா!"

அப்புறம் கல்லப் பேத்து எடுத்துட்டுப் போயி, அரமனையில வச்சு, மாலை போட்டு, தினம் ஒரு குடம் எண்ணெய ஊத்துனான். வேற யாரும் தொடக்கூடாதுன்னு காவலும் போட்டான். கல்லுக்கு வேணுங்கறது தண்ணியா எண்ணெயான்னு, அதுல தீட்டுனவனக் கேக்கணும்ல? கேப்பானா? ராசாவாச்சே!

அப்புறம் உழவன் பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்துச்சு. கத்தி மழுங்கல். இழுத்து இழுத்துக் கொடி அறுத்ததுல தொப்புள் புண்ணாகி, ஏழாம் நாளு புள்ள செத்துப்போச்சு. சடச்சி அரமனைக்கு ஓடுனா. "ராசா, கல்லக் குடுங்க." "போடி வெளிய."

அப்புறம் குசவன் பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்துச்சு. அதுவும் ஏழாம் நாளு. மறுபடி ஓடுனா. "ராசா, கல்லக் குடுங்க." "போடி வெளிய."

மூணாந்தரம் அவ போகல. எதுக்குப் போகணும்? கல்லு பேத்த குழியில உக்காந்து, அழுதுக்கிட்டே கையால நோண்டுனா. கட்டவெரல் தண்டிக்கு ஒரு சில்லு கெடச்சுச்சு. தண்ணி விட்டா, குடிச்சுச்சு. முந்தியில முடிஞ்சுக்கிட்டா. அப்புறம் வண்ணாத்திக்குப் பொறந்த புள்ள பொழச்சுக்கிச்சு.

ஒரு நாளு உச்சிவெயில்ல ராணிக்கு வலி எடுத்துருச்சு. ராசாவே ஓடியாந்தான்.

"சடச்சி, அரமனைக் கல்லுலயே கத்தியத் தீட்டிக்க! சீக்கிரம்!"

அவ அரமனைக்குப் போயி கல்லுல தண்ணி ஊத்துனா. சேம்ப எலையில ஓடுற மாதிரி உருண்டு ஓடிருச்சு. கத்திய வச்சா, வழுக்கிக்கிட்டுப் போவுது.

"எண்ணெ குடிச்ச கல்லு தண்ணி குடிக்காது ராசா."

"ஐயோ, அப்ப எம் புள்ள?"

"ரெண்டு தாயி இதையேதான் எங்கிட்டக் கேட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னா. முந்தி முடிச்ச அவுத்தா, சில்லுல தண்ணி விட்டா, தீட்டுனா. புள்ள பொறந்துச்சு, கொடி ஒரே அறுப்பு. புள்ள வீல்னு கத்துச்சு.

ராசா முத்துமாலையக் கழட்டி நீட்டுனான். சடச்சி திரும்பிக்கூடப் பாக்கல. படுத்துக் கெடந்த ராணிதான் கேட்டா: "யாரு சடச்சி அந்த ரெண்டு தாயி?"

சடச்சி ஒண்ணு விடாம சொன்னா. ராணி புள்ளய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ராசாவப் பாத்தா.

"அந்தக் கல்லத் தலையில தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போங்க. ஊறுன எண்ணெ போற மட்டும் மணல் போட்டுத் தேயுங்க. கல்லு எப்ப தண்ணி குடிக்குதோ, அப்ப வந்து எம் புள்ளயத் தொடுங்க."

ராசா காவக்காரங்களப் பாத்தான். ஒருத்தனும் அசையல. சேதி கேட்டு வாசல்ல அந்த ரெண்டு தாயும் வந்து நின்னாங்க. ராசா கல்லத் தலையில தூக்கிக்கிட்டு ஆத்தங்கரைக்கே குடிபோனான்.

புள்ள தவழ்ந்துச்சு, தேச்சான். நடந்துச்சு, தேச்சான். மீசை மொளச்சுச்சு, அப்பவும் தேச்சான். பாவமா இருக்கா? அந்த ரெண்டும் தவழக்கூட இல்லயே!

அப்புறம் ஒரு நாளு, ஊத்துன தண்ணியக் கல்லு குடிச்சுச்சு. அன்னைக்குத்தான் எளவரசன் மொதல் சவரத்துக்கு ஆத்தங்கரைக்கு வந்தான்.

"யாரு இந்தத் தாடித் தாத்தா?"

ராசா குனிஞ்சு கல்லுல இன்னொரு கை தண்ணி தெளிச்சான். கத்தி தீட்டிக்கிட்டிருந்த புருசன் பக்கத்துல நின்னு சடச்சிதான் சொன்னா:

"கல்லு தேய்க்கிற ஆளு தம்பி. கன்னத்த அசைக்காம உக்காரு."

ஊருப் பொருளப் புடுங்குனவன் ராசாவா இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆவணும். கல்லு தேஞ்சுது, கத்தி மின்னுச்சு, கதைக்கும் கொடி அறுத்தாச்சு.