உப்புக்காரியும் ஒளிவளையமும்

மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்போது நெடுமுடியன் என்று ஒரு ராஜா இருந்தார். அவர் நாட்டில் காத்தாயி என்று ஒரு உப்புக்காரி. கழுதைமேல் உப்பு ஏற்றி, மலையைத் தாண்டிப் போய் விற்றுவருவாள்.

ஒருநாள் காலை அவள் உச்சிக்கு ஏறி வந்தால், வழியை அடைத்துக்கொண்டு, நாலு பேர் தோளில் ராஜாவின் பல்லக்கு. திறந்த பல்லக்கில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார் ராஜா. முதுகுக்குப் பின்னால் இளவெயில். காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை மேகம். அந்த மேகத்தின்மேல் எல்லோருடைய நிழலும் விழுந்திருந்தது. ஆனால் ராஜாவின் கண்ணுக்கு, தன் நிழலின் தலையைச் சுற்றி மட்டும் சிவப்பும் பச்சையுமாக ஒரு ஒளிவளையம் தெரிந்தது.

"மந்திரி, வளையம் யார் தலையில்?"

மந்திரி தன் நிழலைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "தங்கள் தலையில்தான் அரசே" என்றார்.

தளபதியும் பார்த்தார், சிரித்தார், மீசையை நீவிக்கொண்டார். "தங்கள் தலையில்தான்."

"அப்படியானால் நான் கடவுள்" என்றார் ராஜா அமைதியாக. "நாளையிலிருந்து மூன்று வேளையும் எனக்குப் பூசை. பழைய சாமிகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். ஏ உப்புக்காரி, நீ சொல்."

காத்தாயிக்குப் பொய் வராது. "என் தலையிலதான் இருக்கு ராசா."

"வளையம் உள்ள தலை இரண்டு இருக்கக் கூடாது. தளபதி, ஒன்றை எடுத்துவிடு."

தளபதி வாளை உருவினார். காத்தாயி கழுதையின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கிறேன். முதல் வருசம் இங்க வந்தப்ப நானும் சாமின்னுதான் நெனச்சேன். ரெண்டாம் வருசம் கூட வந்த மொளகுக்காரி, 'நீ இல்லடி, நான்தான்'னா. மயிரைப் பிடிச்சுச் சண்டை போட்டோம். மூணாம் வருசம்தான் புரிஞ்சுது. அவங்கவங்களுக்கு அவங்கவங்க தலையிலதான் தெரியுது."

"பொய்" என்றார் ராஜா.

"அப்ப சோதிச்சுப் பாருங்க. தன் தலையில வளையம் தெரியறவங்க கையைத் தூக்கட்டும். தெரிஞ்சும் மறைச்சா, குடுத்த சாமி திருப்பி வாங்கிக்கும்."

வந்த வளையத்தை யாருக்கு விட மனசு வரும்? மந்திரியின் கை மெல்ல எழுந்தது. தளபதி வாளைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். பல்லக்குத் தூக்கிகள் நாலு பேரும் ஆளுக்கு இரண்டு கையையும் தூக்கினார்கள்.

பல்லக்கு போன போக்கில் கடவுளும் போனார். உப்பு மூட்டைமேல் தலைகுப்புற விழுந்தார்.

"உங்களுக்குமாடா தெரிகிறது?"

"ஆமா சாமி, வந்ததுலேர்ந்து."

"ஏன்டா சொல்லவில்லை?"

"எங்களை நீங்க கேக்கலையே."

ராஜா வாயிலிருந்த உப்பைத் துப்பினார். "அவளை விடு" என்று சொல்லி, தானே ஒதுங்கி வழிவிட்டார். கழுதையும் ஒருமுறை மேகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நிமிர்ந்தே நடந்துபோனது.

ஆகவே, தன் தலையில் மட்டும் ஒளி தெரிகிறதென்றால், தன்னைப் பெரியவன் என்று நம்புவதற்கு முன்னால், பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன தெரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.