முத்திரை விழாத துப்பாக்கி

வேங்கைமலை சமஸ்தானத்தில் புதுசாகத் துப்பாக்கிப் பட்டறை தொடங்கியிருந்தார்கள். அடியிலுள்ள லீவரை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா தானே ஏறும் என்று பட்டறைச் சூப்பிரண்டு அனந்தரங்கம் பீற்றிக்கொண்டார். ஆனால் பல துப்பாக்கிகளில் லீவர் பாதியிலேயே சிக்கியது. புலிக்காட்டுக் காவலர்களுக்குப் போக வேண்டியவை அவை. சோதித்துப் பார்த்து, சரியானவற்றில் முத்திரை குத்தும் சடையாண்டி ஒன்றிலும் குத்தாமல் வைத்திருந்தான்.

ஆயுத பூஜையன்று ராஜா முன்னாலேயே சூப்பிரண்டு அவனை அதட்டினார். "ஒரு குறையும் கிடையாது. பூஜை முடியறதுக்குள்ள எல்லாத்திலயும் குத்து. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

"குத்துறேன் சாமி. பெரியவங்க துப்பாக்கியில ஆரம்பிக்கிறதுதானே மரியாதை? உங்களது எது?"

வழக்கப்படி அவரவர் துப்பாக்கியை அவரவரே அம்மன் முன்னால் வைத்திருந்தார்கள். சந்தனப் பொட்டோடு சூப்பிரண்டு வைத்திருந்தது பழைய சீமைத் துப்பாக்கி!

"நம்ம பட்டறைச் சரக்கு உமக்கு ஆகாதோ?" என்றார் ராஜா. "புதுசில் ஒன்றை எடுத்து இழுத்துக் காட்டும்."

சூப்பிரண்டு இழுத்தார். லீவர் பாதியில் நின்றது. இரண்டு கையாலும் இழுத்தார். தலைப்பாகைதான் கழன்று விழுந்தது.

ராஜா சடையாண்டியிடம் திரும்பினார். "வேலை போகும் என்று தெரிந்துமா குத்தாமல் இருந்தாய்?"

சடையாண்டி மடியிலிருந்த முத்திரையை எடுத்து உயர்த்திக் காட்டினான்.

"இதுல நம்ம ஊர் பேரு வெட்டியிருக்கே, மகாராஜா!"