பேச்சிமுத்துவுக்கு யார் பொறுப்பு

முதலில் பேச்சிமுத்துவின் உதவித்தொகையை நிறுத்தினார்கள். அடுத்து விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்து, தினமும் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து முதல் பாடவேளையைத் தவறவிட்டான் என்று, வருகைக் குறைவைக் காட்டி ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைத்தார்கள். இத்தனையும் செய்து முடித்த பிறகு, மாணவர் மனநலம் முக்கியம் என்று சொல்லி அவனை மனஉறுதி வகுப்புக்கு அனுப்பினார்கள்.

அந்த வகுப்பை நடத்தியவர் சலேத்மேரி, ஒப்பந்த விரிவுரையாளர். மேடை ஏறாமல் போராடத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் ஒருவர்.

முதல் நாள் மூச்சுப் பயிற்சி. மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும்.

"மூச்சு விட்டா ஹால் டிக்கெட் வருமா மேடம்?" என்றான் பேச்சிமுத்து. வகுப்பு சிரித்தது.

"வராது," என்றார் சலேத்மேரி. "அதைக் கேக்கப் போகும்போது குரல் உடையாது."

எங்கள் சங்கத்து வாயிற்கூட்டங்களில் பாதிப் பேச்சில் குரல் உடைந்து இறங்கிய தோழர்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அவன் ஒரு நாளும் தவறாமல் வந்த வகுப்பு அது. அதற்கு மட்டும் வருகைப் பதிவு கிடையாது.

பரீட்சைக்கு முந்தைய நாள் வகுப்பு முடிந்தும் அவன் எழவில்லை. மற்றவர்கள் வராந்தாவில் டீக்கு யார் வருகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டி.சி. வாங்கிட்டுப் போறேன் மேடம். நாளைக்கு என்னை உள்ளே விட மாட்டாங்க."

"போறதுக்கு முன்னால ஏதாவது கேக்கணுமா?"

"உறுதின்னா தாங்கிக்கிறதுதானே? அது எனக்கு முன்னாடியே தெரியும். புதுசா நீங்க என்ன சொல்லித் தந்தீங்க?"

"இன்னும் தரல. விடுதிய விட்டு அனுப்பினதை யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. எதுக்கு இன்னொருத்தருக்குத் தொந்தரவு?"

"எந்திரி," என்றார். வராந்தாவில் நின்றவர்களையும் கூப்பிட்டார். "மிச்ச வகுப்பு கன்ட்ரோலர் அறையில."

தேர்வுக் கன்ட்ரோலர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மேடம், ஊர்வலமா?"

"வகுப்பு சார். பாடம் நடக்குது."

பேச்சிமுத்து நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். குரல் உடையவில்லை.

"நல்லாத்தான் பேசுற," என்றார் கன்ட்ரோலர். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. ஒரு ஆசிரியர் உனக்குப் பொறுப்புன்னு எழுதித் தந்தா பரீட்சைக்கு விடலாம். ஒருத்தரும் தரலையே?"

"இவன் ஒருத்தரையும் கேக்கலையே சார்," என்றார் சலேத்மேரி.

கன்ட்ரோலர் பேனாவை மூடினார். "மேடம், உங்க ஒப்பந்தம் இந்த மாசம் முடியுது. புதுப்பிக்கிற கமிட்டியில நானும் இருக்கேன்."

பேச்சிமுத்துவுக்குப் புரிந்தது. "வாங்க மேடம், போயிடலாம்."

"பாடம் முடியல. கேளு."

"உங்க வேலை போயிரும்."

"அதை நான் பாத்துக்கிறேன். நீ கேக்கிறதுதான் உன் பாடம்."

எல்லாவற்றையும் தாங்கியவனுக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. கூட வந்தவர்கள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேடம்," என்றான் கடைசியில். "எனக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீங்களா?"

சலேத்மேரி மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நின்றபடியே எழுதினார்.

"சத்தமா வாசிங்க," என்றார் கன்ட்ரோலர். "இத்தனை பேர் சாட்சியா இருக்கட்டும். பின்னால நான் எழுதலன்னு நீங்க சொல்லக் கூடாது பாருங்க."

சலேத்மேரி தாளோடு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவர் பேச்சிமுத்துவுக்கு நான் பொறுப்பு. இப்படிக்கு, ம. சலேத்மேரி."