உப்பிய பாக்கெட்

கவுன்சிலர் வீட்டுச் சங்கிலி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கஜபதி மட்டும், அது சிட்டம்மாள் வீட்டில்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னார். கவுன்சிலர் வாசலுக்கு எதிரே நிற்கும் இஸ்திரி வண்டியை, எத்தனை முறை சொல்லியும் நகர்த்தாதவள் இந்தச் சிட்டம்மாள்.

ஏட்டோடு வந்து நின்றார் கஜபதி. "தள்ளு! வீட்டைச் சோதனை போடணும். கிடைச்சா மூணு வருஷம் உள்ளே."

"போடுங்க சார். தெருக்காரங்க ரெண்டு பேர் சாட்சி வேணுமாமே?" என்றாள் சிட்டம்மாள், வாசற்படியை விட்டு நகராமல்.

புரோட்டா மாஸ்டர் சாகுலும் டெய்லர் அருளப்பனும் முன்னால் வந்தார்கள்.

"உள்ளே வர்றவங்களையும் முதல்ல சோதிச்சுப் பார்க்கலாமாமே சார்? கோட்டு தேய்க்கக் கொடுக்கிற வக்கீலுங்க பேசிக்கிறாங்க."

"என்னையேவா? யூனிஃபார்ம்டி இது!"

"தெரியும் சார், காலையில நான்தானே தேய்ச்சேன். பாக்கெட்டைத் துழாவிப் பார்க்காம நாங்க எந்தச் சட்டை மேலயும் பெட்டி வைக்கமாட்டோம். அப்போ இடது பாக்கெட் தட்டையா இருந்துச்சு. இப்போ ஏன் சார் உப்பியிருக்கு?"

கஜபதியின் கை சட்டென்று பாக்கெட்டைப் பொத்தியது.

"எடுங்க சார், பார்ப்போம்" என்றார் சாகுல். தெரு மொத்தமும் கழுத்தை நீட்டியது. வேறு வழியில்லாமல் சங்கிலி வெளியே வந்தது.

ஏட்டு பேனாவோடு முழித்தார். "எங்கே கிடைச்சதுன்னு எழுதுறது?"

"வீட்டுக்கு வெளியேன்னு எழுதுங்க ஏட்டய்யா," என்றாள் சிட்டம்மாள். "சார் இன்னும் என் வாசப்படியே தாண்டலையே."