வெள்ளைக் கரை

கோத்தகிரி மலையில் ஒரு சின்ன ஆசிரமம். குருவம்மாவுக்கு நாற்பது வயது. சிஷ்யை வேதவல்லிக்கு அறுபத்திரண்டு. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தவள்.

குருவம்மா யாத்திரை கிளம்பும்போது ஒரு ஹோஸ்டா தொட்டியை அவளிடம் ஒப்படைத்தார். நிழலில் வளரும் சின்னச் செடி. பச்சை இலைகள், ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கரை.

"மரநிழலை விட்டு எடுக்காதீங்க வேதம்மா. இது மெதுவாத்தான் வரும்."

ஒரு மாதம் கழித்துத் திரும்பினார். வேதவல்லி கத்தரிக்கோலோடு பூஜைக்குப் பூ எடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டி நிழலில்தான் இருந்தது. இலைகள் குறுகலாக, முழுப் பச்சையாக இருந்தன.

"வெள்ளைக் கரை எங்கே?"

"நிழல்லயே கிடந்து சோம்பிப் போகுதேன்னு ரோஜாவுக்குப் பக்கத்துல வெயில்ல வச்சேன். கரையெல்லாம் தீஞ்சு போச்சு."

"தீஞ்ச கரை எங்கே?"

"கத்தரிச்சுட்டேன்."

"நான் பார்க்கக் கூடாதுன்னா?"

வேதவல்லி ஆமென்று தலையாட்டினாள்.

குருவம்மா இலையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "தையல்காரன் தோத்தான் போங்க. ஒரு பிசிறு இல்லை."

வேதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் சின்னவளுக்குத் திக்குவாய், குருவம்மா. பேசப் பேசச் சரியாயிடும்னு பள்ளிக்கூட விழாவுல மேடை ஏத்தினேன். முதல் வரியிலேயே நின்னுட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்ததும் நான் அறைஞ்சேன். கல்யாணமாகிப் போனதுலேர்ந்து என்னோட பேச்சே இல்லை."

இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்தாள்.

"மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கேன். படிப்பாளா?"

"மேடையை எழுதினீங்களா?"

"உன் நல்லதுக்குத்தான் எல்லாம் செஞ்சேன்னு எழுதியிருக்கேன்."

"அறைஞ்சதை?"

வேதவல்லி கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"மூணு தடவை எழுதிப் பார்த்தேன். மூணு தடவையும் அந்த இடத்தை மட்டும் விட்டுட்டேன்."

குருவம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து செடிக்கு ஊற்றினார்.

"இதுல இனி வெள்ளைக் கரை வருமா?" வேதவல்லி கேட்டாள்.

"வெட்டின இலையில வராது. புதுசாத் துளிர்விட்டா, அதுல வரும்."

"துளிர்விடுமா?"

"தெரியலை."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும், குருவம்மா?"

குருவம்மா கையை நீட்டினார்.

"அந்தக் கத்தரிக்கோலை இப்படிக் குடுத்துட்டு, நாலாவது தடவை எழுதுங்க."