இடைவெளி தெரியாத ஐந்து கம்புகள்

வீரகேதன் என்றொரு ராஜா. கண்ணுக்கு அழகாக எதைக் காட்டினாலும் நம்பிவிடுவான்; விவரம் கேட்கிற வழக்கமே கிடையாது. அப்படிப்பட்டவனிடம் வாய்க்கால் அதிகாரி புரந்தரன் காலம் தள்ளியதில் என்ன அதிசயம்?

ஆவணி முதல் நாள், வாய்க்கால் போய் முடியும் கடைமடையிலிருந்து சடைச்சி என்ற உழவுக்காரி வந்தாள், கையில் கருகிய பயிரோடு.

"ஆடி மாசம் தண்ணியே சரியா விடலை மகாராஜா."

"பொய்! சோம்பேறிக்கு நிலம் எதற்கு, பிரபு? பிடுங்கி என் மைத்துனனிடம் கொடுங்கள்" என்றான் புரந்தரன். ஐந்து மூங்கில் கம்புகளைக் களிமண் உருண்டைகளில் செருகி, ஒட்டி ஒட்டி நிறுத்தினான். "ஆடி மாதத்துக் கணக்கு. ஒரு கம்பு ஒரு நாள். கம்பின் உயரம், அன்று ஓடிய தண்ணீரின் ஆழம். எங்கேயாவது இடைவெளி உண்டா?"

"அடடா, வேலி மாதிரி நிற்கிறதே!" ராஜா சொக்கிப்போனான்.

சடைச்சி கம்புகளை முறைத்தாள். வேலியாம் வேலி! இந்தக் குச்சிகளைப் பார்த்தா தன் நிலம் போகவேண்டும்?

அவையின் குறும்புக்காரர் மருதையன் எழுந்தார். "அதிகாரி ஐயா, முதல் கம்பு என்ன தேதி?"

"ஆடி ஒன்று."

"அடுத்தது?"

"இரண்டு."

"அதற்கடுத்தது?"

புரந்தரன் இருமினான். "பன்னிரண்டு. பிறகு இருபத்தொன்று, முப்பது. தண்ணீர் விடாத நாளுக்கு எதற்கய்யா கம்பு?"

"கம்பு வேண்டாம். இடமாவது விட வேண்டாமா?"

நாளுக்கு ஓர் அடி என்று மருதையன் காலால் அளந்து கம்புகளை நகர்த்தினார். மூன்றாவது தூணருகே போனது. நான்காவது வாசலுக்கு. ஐந்தாவது வாசற்படிக்கு வெளியே. நடுவில் வெறும் தரை. அவையோர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

சடைச்சி அந்த வெறும் தரையில் பயிரைப் போட்டாள். "இங்கதான் சாமி கருகிச்சு."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. "நிலம் உன்னுடையதுதான் அம்மா. இப்போதே மதகைத் திறக்கச் சொல்கிறேன். மருதையரே, இவனுக்கு என்ன தண்டனை?"

"தண்டனையா? விருந்து போடுங்கள் பிரபு! தண்ணீர் விட்ட அதே தேதிகளில் மட்டும். இன்றும் நாளையும் வடை பாயசம். அப்புறம் பன்னிரண்டாம் தேதிதான். மாதக் கடைசியில் ஐந்து இலைகளையும் ஒட்டி ஒட்டிப் போட்டுப் பார்த்தால், ஐயா ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததாகத் தெரியாது!"