தபால் பெட்டி எண் 114

“அம்மா, எனக்கு வேலை போயிடுச்சு. என்ன செய்யறது?”

இப்படிக் கேட்டுக்கொண்டுதான் நல்லசிவம் முதன்முதலாக அந்த மடத்துக்குள் வந்தார். வயது நாற்பத்தொன்பது. இருபது வருஷம் ஒரு குடைக் கம்பெனியில் விற்பனை மேலாளர். இரண்டு வருஷம் மழை பொய்த்தது, கம்பெனி படுத்துவிட்டது.

குரு தாயம்மை பலகையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டுதான்.

பேப்பரின் நடுத்தாளை உருவி நல்லசிவத்திடம் நீட்டினார்.

“படிங்க அண்ணே.”

சீடனை அண்ணே என்று கூப்பிடும் குருவை எந்தப் புராணத்திலும் காண முடியாது. ஆனால் கம்பெனி மூடிய நாளிலிருந்து நல்லசிவத்தை யாரும் அப்படி வாய் நிறையக் கூப்பிட்டிருக்கவில்லை. உட்கார்ந்து படித்தார்.

மறுநாளும் வந்தார். எட்டு மாதம் வந்தார்.

*

முதல் பக்கம் எப்போதும் குருவுக்கு. அதை மட்டும் யாருக்கும் தரமாட்டார். அரசியல் செய்தியைப் படித்து, குழந்தை மாதிரி வாய்விட்டுச் சிரிப்பார்.

“அண்ணே, இதைக் கேளுங்க. நம்ம கவுன்சிலர் காலையில கட்சி மாறிட்டாராம். சாயங்காலம் திரும்பி வந்துட்டாராம். காலையில போட்ட பொன்னாடையையே திருப்பிப் போட்டு வரவேற்றிருக்காங்க.”

“இங்க ஒரு ஆடு வேட்புமனுவைத் தின்னுடுச்சும்மா. வேட்பாளர் ஆட்டையே கொண்டுபோய், ‘மனு இதுக்குள்ள இருக்கு, வாங்கிக்குங்க’ன்னு நின்னிருக்காரு.”

“வாங்கினாங்களா?”

“கடைசி நாளாம். ஆட்டுக்கு ரசீது குடுத்திருக்காங்க.”

இப்படிச் சிரித்து முடித்ததும் நல்லசிவம் நடுத்தாளின் அடியிலுள்ள வரி விளம்பரங்களுக்கு வருவார். ஆட்கள் தேவை. ஒன்றையும் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடுவார். காவலாளி, கணக்கர், கப்பல் சமையல்காரர் வரை.

நேர்காணலுக்கு அழைத்தால் போவார். வீட்டில் அவர் மனைவி தேன்மொழி அந்த ஒரே வெள்ளைச் சட்டையை ஒவ்வொரு முறையும் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். இந்த முறை என்ன ஆச்சு என்று கேட்பதை மூன்றாம் மாதத்தோடு நிறுத்திவிட்டாள். கேட்காமல் இருந்ததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

*

ஒருநாள் நல்லசிவம் மடத்துக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

ஒரு கடிதத்தை நீட்டினார்.

விளம்பரம் இப்படி இருந்தது: ‘பழமையான நிறுவனத்துக்குத் தலைமைப் பொறுப்பேற்க அனுபவமுள்ள நபர் தேவை. பொறுமை அவசியம். கணினி அறிவு விரும்பத்தக்கது. தபால் பெட்டி எண் 114.’ ஏதோ பழைய மில் என்று நினைத்துத் தட்டிவிட்டிருந்தார்.

நேர்காணல் அழைப்பு இந்த மடத்திலிருந்து வந்திருந்தது. பதவி: குரு.

தாயம்மை கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

“நல்லா டைப் பண்ணியிருக்காங்க” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும் அண்ணே. மடத்துக் கமிட்டித் தேர்தல்ல புது அணி ஜெயிச்சிருக்கில்ல. செயலாளர் கோதண்டபாணி ஃபைலைப் பார்த்திருக்காரு. எனக்கு நியமன ஆணையே இல்லையாம்.”

“பழைய குரு உங்களைத்தானே உட்கார வச்சாரு?”

“அவரு சாகறதுக்கு முந்தின நாள் விசிறியை என் கையில குடுத்தாரு. ‘புழுக்கமா இருக்கு, வீசு’ன்னாரு. அவ்வளவுதான். அது ஃபைல்ல ஏறாதாமே.”

“நீங்களே விண்ணப்பிக்கலாமேம்மா!”

“எழுதினேன். பயோடேட்டா ஒரு பக்கம் வேணும்னாங்க. பேரு எழுதினேன். அதுக்கு மேல வரல. முழுமையில்லைன்னு திருப்பிட்டாங்க.”

நல்லசிவம் கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போனார்.

தாயம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எத்தனை மாசத்துக்கு அப்புறம் வந்த கடிதாசி இது?”

“மூணு மாசம்.”

“வீட்டுல சட்டை?”

“இஸ்திரி போட்டு வச்சிருக்கா.”

“அந்தப் புள்ள கைவலியை வீணாக்காதீங்க. போங்க.”

“உங்க இடத்துக்கு நான் எப்படிம்மா?”

“யாராவது உட்காரத்தான் போறாங்க. உட்காருங்க, உங்களைத் தயார் பண்றேன்.”

*

பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அதிகாரி மாதிரி மூக்கை விடைத்துக்கொண்டு தாயம்மை கேட்டார்.

“சொல்லுங்க மிஸ்டர் நல்லசிவம். அந்த ஆடு எந்தக் கட்சி?”

நல்லசிவம் கால் மணி நேரம் விளக்கினார். தொகுதி நிலவரம், சாதிக் கணக்கு, கூட்டணிப் பேரம், ஆட்டின் பின்னணி எல்லாம் வந்தது.

தாயம்மை கொட்டாவி விட்டார்.

“எல்லா இடத்திலயும் இப்படித்தான் பதில் சொன்னீங்களா?”

“ஆமாம்மா. எதைக் கேட்டாலும் விடமாட்டேன்.”

“தெரியாதுன்னு சொல்ல வராதா அண்ணே?”

“தெரியாதுன்னா யாரும்மா வேலை குடுப்பா?”

“தெரியும்னு சொன்னதுக்கு யாரு குடுத்தா?”

தயாரிப்பு அத்துடன் முடிந்தது.

*

கமிட்டி ஆபீஸில் நேர்காணலுக்கு இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஜிப்பா, ஒருவர் கோட்டு. ஒருவர் தாடியை அன்று காலைதான் ஒட்டியிருந்தார் போலிருந்தது.

கமிட்டி ஒன்பது கேள்விகள் கேட்டது.

பெயரும் வயதும் நல்லசிவத்துக்குத் தெரிந்திருந்தன.

“பிரம்மம் என்பது என்ன?”

“தெரியாதுங்க.”

“மனசு எங்கே இருக்கிறது?”

“தெரியாதுங்க.”

“ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?”

நல்லசிவம் உண்மையாகவே யோசித்தார். கண் கலங்கிவிட்டது.

“தெரியாதுங்க.”

இப்படி ஏழு. கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற இருபத்திரண்டு பேரும் பிரம்மத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தார்கள்.

“பழுத்த ஞானி” என்று கோதண்டபாணி காதோடு சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

*

நியமன ஆணையோடு நல்லசிவம் மடத்துக்கு ஓடிவந்தார். வழியெல்லாம் சந்தோஷம். வாசலில் அது நின்றுவிட்டது.

தாயம்மை அவரைப் பார்த்ததும் எழுந்தார். விசிறியைப் பலகைமேல் வைத்தார். கீழே இறங்கி, எட்டு மாதமாக நல்லசிவம் உட்காரும் இடத்தில், தரையில் உட்கார்ந்தார்.

“குருவே, எனக்கு வேலை போயிடுச்சு. என்ன செய்யறது?”

கண்ணில் குறும்பு இருந்தது. ஆனால் குரல் ஒரு இழை நடுங்கியதை நல்லசிவம் கேட்டுவிட்டார். பதினொரு வருஷம் அந்தப் பலகையில் இருந்தவர், நாளைக்கு எங்கே போவார்?

நல்லசிவம் பலகையில் ஏறவில்லை. இஸ்திரிச் சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவரெதிரே தரையில் உட்கார்ந்தார்.

“தெரியாதும்மா.”

அது எட்டாவது தெரியாது.

அன்றைய பேப்பர் பக்கத்தில் கிடந்தது. நல்லசிவம் நடுத்தாளை உருவித் தாயம்மையிடம் நீட்டினார். முதல் பக்கத்தைத் தான் வைத்துக்கொண்டார். இருவரும் படிக்க ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தாயம்மை சிரித்தார். “அண்ணே, ஒரு ஊர்ல பாலத்தைத் திறந்துட்டாங்களாம். ஆத்தைத்தான் காணோமாம்.”

நல்லசிவமும் சிரித்தார்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. கோதண்டபாணி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால், புதுக் குருவுக்கு மரியாதை செய்ய, பெரிய ரோஜா மாலையோடு கவுன்சிலர்.

பலகை காலியாக இருந்தது. கீழே இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுல யாருங்க குரு?” என்று கேட்டார் கவுன்சிலர்.

நல்லசிவம் தாயம்மையைக் கைகாட்டினார். தாயம்மை நல்லசிவத்தைக் கைகாட்டினார்.

கவுன்சிலர் இந்தப் பக்கம் ஒரு அடி வைத்தார். அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தார். பழக்கப்பட்டவர்தான், அவருக்கே குழம்பிவிட்டது. செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

கோதண்டபாணி ஃபைலைத் திறந்தார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார். ஆணையில் பேர் இருந்தவரோ அடுத்தவரைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வேர்த்தது.

“தெரியலீங்க” என்றார்.

மேளம் நின்றது.

நல்லசிவம் நகர்ந்து இடம் விட்டார். கையிலிருந்த முதல் பக்கத்தைச் செயலாளரிடம் நீட்டினார்.

“படிங்க அண்ணே.”

தாயம்மை விசிறியை எடுத்துச் செயலாளருக்கு வீசத் தொடங்கினார்.